வெர்னியர் காலிப்பரோடு ஆறு நாள்: இத்தாலியின் பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிள்கள்

முதல் நாள்: மிலான், விகொரெல்லி

மிலானில் இறங்கியவர்கள் நேரே தூமோ தேவாலயத்துக்குப் போவார்கள். பழைய ரேஸ் சைக்கிளைத் தேடி வருகிறவருக்கு வேறொரு கோயில் இருக்கிறது. எம்5 மெட்ரோவில் தொமோதோசோலா நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஆரோனா தெரு. 1935இல் திறந்த விகொரெல்லி வெலோட்ரோம் அங்கேதான் நிற்கிறது. பலகைத் தளம், ஒரு சுற்று 397.37 மீட்டர். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்ற சாதனை இங்கே அடுத்தடுத்து விழுந்தது. 1942இல் போருக்கு நடுவே கோப்பி, 1956இல் முதலில் ஆங்கெத்தீல், அதே ஆண்டு பால்தினி, 1958இல் 47 கிலோமீட்டரைத் தாண்டிய ரிவியேர். (1965இல் பீட்டில்ஸ் பாடியதும் இதே இடத்தில்தான். சைக்கிள்காரர்களுக்கு அது துணைச் செய்தி.)

பார்வையாளர் படிகளுக்கு அடியில் ஃபாலியெரோ மாசியின் பட்டறை இருந்தது. ஓடுகிறவர் மேலே, ஃபிரேம் கட்டுகிறவர் கீழே. தளத்தில் சுற்றிவிட்டு வந்து "முன்பக்கம் கொஞ்சம் இழுக்கிறது" என்று ஒருவர் சொன்னால் மறுநாள் ஃபோர்க்கின் வளைவை மாற்றிக் கொடுக்கலாம். அந்த நெருக்கம்தான் மாசியின் பெயரை உருவாக்கியது. கம்பெனிகளின் ஒப்பந்தத்தில் ஓடிய வீரர்கள் பலர் மாசியிடம் ஃபிரேம் கட்டிக்கொண்டு, மேலே ஸ்பான்சரின் பெயரை எழுதி ஓட்டினார்கள். பெயின்டில் ஒரு பெயர், இரும்பில் வேறொரு கை. இந்த ஆறு நாளும் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

மாசி என்ற பெயரிலேயே குழப்பம் உண்டு. 1970களில் அமெரிக்க உரிமை விற்கப்பட்டு, கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாடிலும் மாசி ஃபிரேம்கள் கட்டப்பட்டன. மகன் ஆல்பெர்த்தோ மிலானிலேயே தொடர்ந்தார். அதனால் 'மாசி' என்று விற்பனைக்கு வரும் ஃபிரேமில் முதலில் கேட்கவேண்டியது எந்த ஊர் மாசி என்பதுதான். கார்ல்ஸ்பாடில் கட்டியது மட்டம் என்று அர்த்தமில்லை, விலைதான் வேறு.

வெலோட்ரோமின் உள்ளே எல்லா நாளும் விடமாட்டார்கள். நிகழ்ச்சி நாளைப் பார்த்துப் போவது நல்லது.

இரண்டாம் நாள்: குழாய்

இன்று ஊர் சுற்றல் குறைவு, கணக்கு அதிகம். மிலானுக்குக் கிழக்கே செத்தாலா வட்டாரத்தில்தான் இன்றைய கொலம்பஸ் இருக்கிறது. ஆஞ்சலோ லூய்ஜி கொலம்போ 1919இல் தொடங்கிய குழாய்க் கம்பெனி இது. சினெல்லியும் இப்போது இதே குடும்பத்தில். 1943இல் மிலான்–சான்ரேமோ ரேஸை வென்ற சினோ சினெல்லி 1948இல் தொடங்கிய கம்பெனியை, 1978இல் கொலம்போ வீட்டு அந்தோனியோ வாங்கினார்.

பழைய ஸ்டீல் ஃபிரேமின் ரகசியம் குழாயின் கனத்தில் இருக்கிறது. கொலம்பஸ் எஸ்எல் குழாயின் சுவர் இரு முனையிலும் 0.9 மி.மீ., நடுவில் 0.6. குண்டான ஆட்களுக்கும் பெரிய ஃபிரேமுக்கும் எஸ்பி: 1.0, நடுவில் 0.7. முனை ஏன் தடிப்பு? குழாயை லக்கில் (குழாய்கள் கூடும் மூலையிலுள்ள இரும்பு உறை) செருகிப் பித்தளையை உருக்கிப் பற்றவைக்கும்போது சூடு 900 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும். அந்தச் சூட்டில் இரும்பு கொஞ்சம் பலம் இழக்கும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் அங்கே சதை கூடுதல். வெள்ளிக் கலவையில் பற்றவைத்தால் 700 டிகிரிக்குள் வேலை முடியும், குழாய்க்கும் நல்லது. ஆனால் வெள்ளி இடைவெளியை நிரப்பாது. குழாயும் லக்கும் மயிரிழை பிசகாமல் பொருந்தவேண்டும். கை சுத்தமில்லாதவரிடம் வெள்ளிப் பற்று பித்தளையைவிட மோசம்.

இந்த யோசனை இத்தாலியருடையது அல்ல. முனை தடித்த குழாய்க்கு 1897இலேயே பர்மிங்காமில் ரேனால்ட்ஸ் காப்புரிமை எடுத்துவிட்டார். 1935இல் வந்த ரேனால்ட்ஸ் 531 குழாயில் பல பத்தாண்டுகளுக்கு டூர் தெ பிரான்ஸ் வெல்லப்பட்டது. நமக்கும் இதில் ஓர் ஒட்டு உறவு. ரேனால்ட்ஸ் 1928இல் சேர்ந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமம்தான், முருகப்பா குழுமத்தோடு கூட்டாக அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது. பிஎஸ்ஏ, ஹெர்குலிஸ் ஓட்டி வளர்ந்தவர்களுக்கு ரேனால்ட்ஸ் தூரத்துப் பெரியப்பா முறை.

ஃபிரேமில் ஒட்டிய குழாய் ஸ்டிக்கரை நம்பவேண்டாம், எந்த ஆண்டு ஸ்டிக்கரும் புதிதாக அச்சடித்துக் கிடைக்கிறது. சீட் போஸ்ட்டை உருவி வெர்னியரை வையுங்கள். சீட் குழாயின் வெளி விட்டம் 28.6. இந்தக் குழாய்க்கு மட்டும் கீழ்முனையில்தான் தடிப்பு. எஸ்எல் என்றால் மேல்முனைச் சுவர் 0.6, இரு பக்கமும் கழித்தால் உள்விட்டம் 27.4, போஸ்ட் 27.2. எஸ்பி என்றால் 27.0. 'எஸ்எல்' ஸ்டிக்கர் ஒட்டிய ஃபிரேமில் 26.4 போஸ்ட் இறுக்கமாக உட்கார்ந்தால், அது சாதாரணக் குழாய், அல்லது சீட் லக் நசுங்கியிருக்கிறது, அல்லது ஃபிரேம் பிரான்ஸ்காரருடையது. அடுத்து ஃபோர்க்கைக் கழற்றி ஸ்டியரர் குழாயின் (ஃபோர்க்கின் மேல்தண்டு) உள்ளே டார்ச் அடியுங்கள். எஸ்எல், எஸ்பி ஸ்டியரரின் அடிப்பகுதியில் துப்பாக்கிக் குழல்போல முறுக்கி ஓடும் 5 வரிகள் தெரியும். வெளியே புறா முத்திரை. எஸ்எல்எக்ஸ் என்றால் அதே முறுக்கு வரிகள் பி.பி. ஷெல்லின் (பெடல் அச்சு சுழலும் கூடு) வழியாகப் பார்த்தால் குழாய் முனைகளிலும் தெரியும்.

கடைசியாக விரலால் ஒரு சோதனை. ஹெட் குழாய்க்கு (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) பின்னால், அங்கிருந்து பெடல் பக்கம் இறங்கும் டவுன் குழாயின் அடிப்பக்கத்தில் லக்கிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் தடவுங்கள். மெல்லிய புடைப்போ பெயின்டில் சுருக்கமோ இருந்தால் அந்தச் சைக்கிள் எதிலோ நேராக மோதியிருக்கிறது. தடித்த முனை முடிந்து குழாய் மெலியும் இடம் அதுதான், அடி விழுந்தால் மடிவதும் அங்கேதான்.

மூன்றாம் நாள்: காம்பியாகோ, கூசானோ மிலானீனோ

எம்2 மெட்ரோவின் கடைசி நிலையம் ஜெசாத்தே. அங்கிருந்து காம்பியாகோ சைக்கிளில் கால் மணி நேரம். கூட்ட நேரத்தில் மெட்ரோவில் சைக்கிள் ஏற்ற முடியாது, பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள்.

எர்னெஸ்தோ கொல்நாகோ 1954இல் இங்கே தொடங்கிய பட்டறை 25 சதுர மீட்டர். நம் ஊர் வாடகை சைக்கிள் கடை அளவு. 1970இல் மிக்கேலே தான்செல்லி இவருடைய சைக்கிளில் மிலான்–சான்ரேமோ வென்றபிறகு சீட்டுக்கட்டின் கிளாவர் ஏஸ் கம்பெனியின் முத்திரை ஆனது. 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ நகரத்தில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டிய சைக்கிளைக் கட்டியவரும் இவரே. எடை 6 கிலோவுக்கும் குறைவு. செயின் வரைக்கும் துளை போட்டு இரும்பைக் குறைத்திருந்தார்கள். இன்றைய ரேஸ் விதிப்படி 6.8 கிலோவுக்குக் கீழே இருந்தால் தொடக்கக் கோட்டில் நிற்கவே விடமாட்டார்கள். அந்தச் சைக்கிளைப் பார்க்க பிரஸ்ஸல்ஸ் போகவேண்டும். அங்கே மெர்க்ஸ் பெயரிலுள்ள மெட்ரோ நிலையத்தில் கண்ணாடிக்குள் நிற்கிறது.

சந்தையில் அதிகம் போலி வருவதும் கொல்நாகோதான். பழைய சாதா ஃபிரேமுக்குப் புதுப் பெயின்ட், மேலே கிளாவர் ஸ்டிக்கர், வேலை முடிந்தது. கிளாவரை ஸ்டிக்கரில் தேடாமல் இரும்பில் தேடுங்கள்: ஃபோர்க் கிரவுனில் பதித்தது, பி.பி. ஷெல்லின் அடியில் வெட்டியது. 1980களின் மாஸ்டர் மாடல் என்றால் ஏமாற்றுவது கடினம். ஜில்கோ குழாய்கள் வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் பள்ளம் விழுந்து, குறுக்கே வெட்டினால் நட்சத்திரம்போல இருக்கும். கண்ணை மூடித் தொட்டாலே தெரியும்.

மாலையில் மிலானின் வடக்கு ஓரத்தில் கூசானோ மிலானீனோ. ஊகோ தெ ரோசா 1953இல் கடை போட்ட ஊர். 1970களில் மெர்க்ஸின் மொல்தேனி அணிக்கு ஃபிரேம் கட்டியவர் இவர், ஆனால் குழாயில் எழுதியிருந்தது மெர்க்ஸின் பெயர். 1980இல் மெர்க்ஸ் பெல்ஜியத்தின் மெய்ஸேயில் சொந்தப் பட்டறை தொடங்கியபோது தொழில் சொல்லிக்கொடுத்தவரும் இவரே. 2023இல் மறைந்தார். தெ ரோசாவின் அடையாளம் இதயம். லக்கில் வெட்டிய இதயத்தின் ஓரம் அரத்தால் ராவி, கத்தி முனைபோல மெலிந்திருக்கும். அக்காலத்து லக்குகள் பலவும் தகட்டை அழுத்திச் செய்தவை. கடையிலிருந்து வந்தபடியே பற்றவைத்தால் ஓரம் மொத்தையாக நிற்கும். அரம் போட்ட நேரம்தான் நல்ல பட்டறைக்கும் சாதாப் பட்டறைக்கும் வித்தியாசம்.

நான்காம் நாள்: கிசாலோ

கதோர்னா நிலையத்திலிருந்து ஆஸ்ஸோ வரை ரயில், அங்கிருந்து கிசாலோ கணவாய் இருக்கும் மாக்ரேல்யோவுக்கு மிதமான ஏற்றம். காலில் தெம்பு உள்ளவர்கள் எதிர்ப்பக்கம் ஏரிக்கரையில் இருக்கும் பெல்லாஜியோவிலிருந்து ஏறலாம். ஏரி மட்டம் 200 மீட்டர், உச்சி 754, நடுவே 14 சதவீதம் வரை சாய்வு.

1970களின் சைக்கிளோடு இங்கே வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது கியரில். கம்பஞோலோ கம்பெனியின் ரெகார்ட் கிராங்கில் (பெடல் கை) பல்சக்கரம் மாட்டும் போல்ட் வட்டம் 144 மி.மீ., அதில் 41 பல்லுக்குக் குறைந்த சக்கரம் உட்காராது. பின்னால் நுவோவோ ரெகார்ட் டிரேலியர் (செயினைக் கியர் மாற்றும் கருவி) தாங்குவது 26 பல் வரை. 42க்கு 26 போட்டால் பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் சுமார் 3.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க மணிக்கு 12 கி.மீ. வேகம் வேண்டும். 14 சதவீத ஏற்றத்தில் அது கோப்பிக்குச் சரி. மற்றவர்கள் முட்டியைக் காப்பாற்ற பின்னால் 28 பல் தாங்கும் சூப்பர் ரெகார்டுக்கு மாறலாம், அல்லது சிறிய சக்கரம் ஏற்கும் பிரெஞ்சு டிஏ கிராங்க் போடலாம். டிஏ கிராங்கைக் கழற்ற 23 மி.மீ. எக்ஸ்டிராக்டர் வேண்டும், கம்பஞோலோவின் 22 அதில் பிடிக்காது. பழைய ஸ்ட்ராங்லைட் என்றால் 23.35. தவறான கருவியைப் போட்டு இழுத்தால் கிராங்கின் மரை உருவிக்கொண்டு வரும், அதற்கு வைத்தியம் கிடையாது.

இறக்கத்துக்கு முன் பிரேக்கைப் பாருங்கள். முப்பது வருடப் பழைய ரப்பர் கட்டை கல்லாகியிருக்கும். புதுக் கட்டையைச் செருகும்போது ஹோல்டரின் மூடிய முனை முன்பக்கம் வரவேண்டும். திருப்பி மாட்டினால் முதல் பலமான பிரேக்கிலேயே கட்டை வழுக்கி வெளியே போய்விடும். ரிம்மில் பசையால் ஒட்டும் டியூபுலர் டயர் என்றால் இன்னொரு கவனம்: தொடர்ந்து பிரேக் பிடித்தால் ரிம் சூடாகிப் பசை இளகும். விட்டுவிட்டுப் பிடிக்கவேண்டும். கிளம்புமுன் கட்டைவிரலால் டயரைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ரிம்மிலிருந்து பிரிந்து இடைவெளி தெரிந்தால் அன்றைக்கு இறங்கவேண்டாம்.

மேலே கிசாலோ மாதாவின் சிறு கோயில். 1949இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இவரைச் சைக்கிள்காரர்களின் காவல் மாதாவாக அறிவித்தார். சுவரெல்லாம் சைக்கிளும் ஜெர்சியும். நம் ஊரில் வேண்டுதலுக்கு வேலும் மணியும் கட்டுவதுபோல, ஜெயித்தவர்கள் தாங்கள் ஓட்டிய சைக்கிளையே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1995 டூரில் இறந்த காசார்த்தெல்லியின் நசுங்கிய சைக்கிளும் இங்கேதான். அதன்முன் யாரும் போஸ்ட் அளவைப் பற்றிப் பேசுவதில்லை. பக்கத்தில் 2006இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது, குளிர்காலத்தில் பூட்டியிருக்கும்.

ஐந்தாம் நாள்: குரோச்சே தாவுனே

பாதுவாவில் வண்டி மாறி ஃபெல்த்ரே. வழியில் தெரேவீசோ பக்கம் திரும்பினால் பினரெல்லோவின் ஊர். 1951 ஜீரோ தி'இத்தாலியா ரேஸில் கடைசியாக வந்தவருக்கான கறுப்புச் சட்டையை வாங்கிய ஜியோவான்னி, அடுத்த ஆண்டு அணியில் தன் இடத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கப் பெற்ற பணத்தில் தொடங்கிய கடை. இன்று நேரம் இல்லை, மலைக்குப் போகவேண்டும்.

பெதவேனா தாண்டினால் குரோச்சே தாவுனே கணவாய்க்கு ஏற்றம், உச்சி சுமார் ஆயிரம் மீட்டர். 1927 நவம்பரில் குளிரில் விறைத்த விரலால் இறக்கை நட்டைத் திருக முடியாமல் துல்லியோ கம்பஞோலோ இங்கே ரேஸைக் கோட்டைவிட்டார், அதிலிருந்து குயிக் ரிலீஸ் பிறந்தது என்பது சொல்லப்படும் கதை. உச்சியில் நினைவுச்சின்னமும் வைத்திருக்கிறார்கள். கதை எப்படியோ, 1933இல் விசென்சாவில் அவர் தொடங்கிய கம்பெனியின் குயிக் ரிலீஸ் அமைப்பு இன்றும் சக்கரங்களில் இருக்கிறது: உள்ளீடற்ற ஆக்சில், அதன் வழியே ஒரு கம்பி, முனையில் லீவர். லீவரை நட்டுபோலச் சுற்றி இறுக்குகிறவர்கள் இன்றும் உண்டு. அது தவறு. பாதி மடங்கும்போது கை உணரும் அளவுக்கு எதிர்ப்பு வரவேண்டும், பிறகு உள்ளங்கையால் அழுத்தி மூடவேண்டும்.

கம்பஞோலோ சாமான் வாங்குகிறவர்களுக்கு மூன்று விஷயம். நுவோவோ ரெகார்ட் டிரேலியரின் உடம்பில் 'பேட்டன்ட்' என்ற எழுத்தோடு இரண்டு இலக்கம் இருக்கும், ஆண்டை அதை வைத்துச் சொல்லலாம். ஃபிரேம் 1968, டிரேலியர் 78 என்றால் யாரோ பிறகு மாட்டியது. இரண்டாவது, ஹப்பின் பால்ரஸ். பின் ஹப்பில் பக்கத்துக்கு 9, அளவு கால் அங்குலம். முன் ஹப்பிலும் 9தான், ஆனால் 7/32 அங்குலம். வழக்கமான 3/16ஐப் போட்டால் கோன் இறுகியதுபோலத் தெரியும், நூறு கிலோமீட்டரில் கப் குழிவிழும். மூன்றாவது கிராங்க்: மிதிக்கும் கை, சக்கரம் தாங்கும் கைகளோடு சேரும் மூலையில் கூர்மையான மடிப்பு உண்டு, விரிசல் அங்கேதான் தொடங்கும். அழுக்கைத் துடைத்துவிட்டு லென்ஸில் பாருங்கள். முடிபோலக் கறுப்புக் கோடு தெரிந்தால் சுவரில் மாட்டலாம், மிதிக்கவேண்டாம்.

ஆறாம் நாள்: கையோலே, கியாந்தி

சியேனா வரை ரயில், பிறகு திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சாலை. 1997இல் 92 பேரோடு தொடங்கிய எரோய்கா என்ற பழைய சைக்கிள் ஓட்டத்தின் ஊர். அக்டோபர் முதல் ஞாயிறன்று நடக்கும். நீண்ட பாதை 200 கி.மீ.க்கு மேல், பெரும்பகுதி வெள்ளை மண் ரோடு. 1987க்கு முந்தைய சைக்கிள்தான் வரலாம். கியர் லீவர் டவுன் குழாயில், பெடலில் கால்கூடும் வாரும், பிரேக் கேபிள் ஹேண்டில்பார் துணிக்கு வெளியே, சக்கரத்துக்கு 32 ஸ்போக்ஸுக்குக் குறையக்கூடாது. மற்ற நாட்களில் வந்தாலும் பாதையில் வழிகாட்டிப் பலகைகள் உண்டு.

இந்த மண் ரோட்டில் இத்தாலிய சைக்கிளின் பிறவிக் குறை வெளியே வரும். இத்தாலிய பி.பி. ஷெல் 70 மி.மீ. அகலம், 36 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 24 மரை, இரு பக்கமும் வலமரை. ஆங்கிலேயருடையது 68 அகலம், விட்டம் 1.370 அங்குலம், செயின் பக்கம் மட்டும் இடமரை. அந்த இடமரைக்குக் காரணம் உண்டு. பால்ரஸ் தாங்கும் கப்புக்கும் ஷெல்லின் மரைக்கும் நடுவே துளி இடைவெளி எப்போதும் இருக்கும். மிதிக்கும் பாரம் சுற்றிச் சுற்றி விழும்போது கப், ஆக்சில் சுழலும் திசைக்கு எதிராக இம்மி இம்மியாக உருளும். செயின் பக்கம் வலமரை என்றால் அது அவிழும் திசை. அதனால் இத்தாலிய சைக்கிளில் வலது கப்பைக் கையழுத்தத்தில் மட்டும் இறுக்கி வந்தால், குலுங்கும் மண் ரோட்டில் பாதி வழியில் ஆட்டம் கொடுக்கும். மரையை எண்ணெய் இல்லாமல் துடைத்து, மரைப்பசை விட்டு, நீளப் பிடியுள்ள ஸ்பேனரால் முழுப்பலத்தோடு இறுக்குங்கள். இந்த ஒரு கப்புக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. ஆங்கில ஷெல்லின் மரை தேய்ந்துபோனால் அதைப் பெரிதாக்கி இத்தாலிய மரை வெட்டிக் காப்பாற்றலாம். இத்தாலிய ஷெல் தேய்ந்தால் அடுத்த பெரிய அளவு கிடையாது, மரையில்லாமல் விரிந்து பிடிக்கும் கேட்ரிட்ஜ்தான் வழி. பிரெஞ்சு கப்பை எதிலும் முயலவேண்டாம். 35 மி.மீ., 1 மி.மீ. மரை. ஆங்கில ஷெல்லில் இரண்டு சுற்று ஏறுவதுபோல ஏறிப் பிறகு இரண்டையும் கெடுக்கும்.

எரோய்கா நாட்களில் ஊரில் பழைய சாமான் சந்தை கூடும். காலிப்பர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். ஹேண்டில்பாரைப் பற்றும் சினெல்லி ஸ்டெம்மின் பிடி 26.4, மற்ற இத்தாலிய ஹேண்டில்பார் பலவும் 26.0. போல்ட்டை இறுக்கினால் உட்காரும், ஏற்றத்தில் இழுத்து மிதித்தால் முனகும். பின் டிராப்அவுட் (சக்கர அச்சு உட்காரும் பிளவு) அகலம் 120 என்றால் 5 கியர், 126 என்றால் 6 அல்லது 7. 130க்கு விரிப்பது ஸ்டீலில் முடியும், பக்கத்துக்கு 2 மி.மீ. மட்டும். விரித்தபின் ஒரு டிராப்அவுட்டிலிருந்து ஹெட் குழாயைச் சுற்றி மறு டிராப்அவுட்டுக்கு நூல் கட்டி, சீட் குழாய்க்கும் நூலுக்கும் இரு பக்கமும் ஒரே இடைவெளியா என்று அளக்கவேண்டும். அளக்காமல் விரித்த ஃபிரேம்கள்தான் 'கையை விட்டால் இடப்பக்கம் போகிறது' என்று மலிவாக விற்பனைக்கு வருகின்றன.

பெட்டியில் கட்டும்போது இடது பெடல் எதிர்மரை என்பதை மறக்கவேண்டாம். ரெஜினா ஃப்ரீவீலைக் கழற்றவேண்டி வந்தால் இரண்டு பல் கருவியை வைத்து, அதன்மேல் குயிக் ரிலீஸ் கம்பியை மாட்டி இறுக்கிய பிறகே திருகுங்கள். கருவி வழுக்கினால் ஃப்ரீவீலின் காது உடையும். பிடி தளர்ந்ததும் கம்பியையும் தளர்த்தவேண்டும், இல்லையென்றால் கம்பி முறியும். சக்கரம் கழற்றிய ஃபோர்க்கின் நடுவே 100 மி.மீ., பின்னால் 126 மி.மீ. மரக்கட்டை ஒன்றைச் செருகிக் கட்டுங்கள். விமான நிலையத்தில் பெட்டிமேல் எதை அடுக்குவார்கள் என்று சொல்லமுடியாது.